பட்டை என்றால் என்ன பட்டை?

என்னை முதலில் சிறுமைப்படுத்தியவர் உருத்திரபுரம் சரோஜினி ரீச்சர். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால், ஆள் பழசை மனதில் வைத்து எழுதுகிறான் என்பீர்கள். மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டு விதமான சனம் வரும். தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்கள் ஒரு கூட்டம், எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தால் எனக்கு ஒரு கெடுதியும் வந்ததில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்பக்கத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் என் கடை. வேர், மரப்பட்டை, விதை, தூள், எண்ணெய், தேன். முன்பெல்லாம் காய்ச்சலுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் சரக்கு வாங்கத்தான் வருவார்கள். இப்போது மூன்று நாலு வருஷமாகத் தலைமயிரை வெளுக்கவைக்கச் சாமான் கேட்டு வருகிறார்கள். நல்ல கறுத்த மயிரைத்தான் சொல்கிறேன். பெட்டியில் விற்கிற சாயம் கூடாதாம். வீட்டுச் சாமானால், இயற்கையாக, கொஞ்சம் மண்ணிறமாக வரவேண்டுமாம்.

கடை வைத்திருந்து, நாலு பேருக்கு முன்னால் பேச்சு வாங்கி, அதை வீட்டிலும் சொல்லாமல் விழுங்கிய யாராவது இதை வாசித்தால், மிச்சத்தை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கறுவா

நான் பிறந்தது மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எட்டு வயதில் அப்பாவும் அம்மாவும் எங்களைக் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் தர்மபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வளர்ந்ததும் கிளிநொச்சியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றேன். எங்கள் வீட்டில் தேசிக்காய்க்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். கறுவாவுக்குப் பட்டை என்று பெயர். வீட்டில் பேசுகிற வாய்தானே கடையிலும் பேசும்.

தீபாவளிக்கு முதல் நாள். இறைச்சிக் கறிக்குச் சரக்கு வாங்க வந்த சனத்தால் கடை நிறைந்திருந்தது. அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கியிருந்த சரோஜினி ரீச்சரும் நின்றார். அவருடைய சாமானை நிறுத்துக்கொண்டே, "ஏலக்காய் போட்டாச்சு. பட்டை வேணுமா?" என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் பட்டை என்றால் மரத்தின் தோல். இல்லாவிட்டால், துலாவில் கட்டிக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ஓலை வாளி. ரீச்சர் சனத்தைத் திரும்பிப் பார்த்து, "பட்டையோ? என்ன, கிணத்தில தண்ணி இறைக்கவோ?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அதோடு விட்டிருந்தாலும் நான் மறந்திருப்பேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததைச் சொன்னார்:

"இஞ்ச அதுக்குக் கறுவா எண்டு பேர். நீர் எந்த ஊர்?"

நிறம் மாறிய பிள்ளை

அன்றைக்குப் பிறகு நான் கறுவா என்றுதான் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். மனுசியையும் பிள்ளைகளையும் சொல்லவைத்தேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அந்தக் கடையும் போய், முதலாளியும் போய், முகாமிலிருந்து திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டபோது, என்னை இந்த ஊரான் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாத அளவுக்கு என் வாய் மாறியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தலைமயிர் வெளுக்கிற வீடியோக்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து வருகின்றன. அதில் பேசுகிறவர்கள் எங்கள் அம்மா பேசின மாதிரிப் பேசுகிறார்கள்.

போன் திருத்துகிற கடையில் வேலைசெய்யும் பிள்ளை ஒன்று வந்து எலுமிச்சம்பழம் கேட்டது. இங்கே எலுமிச்சை என்றால் வேறு பழம், பெரிதாக இருக்கும், ஊறுகாய் போடுவார்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். பிள்ளை போனைத் திருப்பி வீடியோவைக் காட்டியது. "அவை சொல்லுறது எங்கட தேசிக்காய், பிள்ளை" என்று சந்தைக்குள் அனுப்பினேன். அந்தப் பிள்ளை பத்துத் தேசிக்காயைப் பிழிந்து தலையில் பூசிக்கொண்டு, லீவு நாள் பார்த்து நடுமத்தியானம் கிணற்றுக்கட்டில் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறது. வன்னி வெயில். புளி வழிந்த இடமெல்லாம், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும், முதலில் எரிந்து, பிறகு கொப்பளித்து, பிறகு கறுத்துக் கோடு கோடாக நின்றுவிட்டது. தேசிப்புளி தோலில் பட்டு வெயிலும் பட்டால் அப்படித்தான் வருமாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எனக்கும் அது தெரியாது. இப்போது தேசிக்காய் கேட்டு வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு கிழமை கழித்துக் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வந்த பிள்ளை என்னிடம் கோபிக்கவில்லை. சொன்னது இதுதான்:

"தலைமயிர் அப்பிடியே கறுப்பாத்தான் கிடக்கு ஐயா. நான்தான் நிறம் மாறிப்போனன்."

எறும்பு

தேன் எனக்குக் கனகராயன்குளம் பக்கத்திலிருந்து வருகிறது. அதை எடுக்கிறவரை இருபது வருஷமாகத் தெரியும். ஆனாலும் தேன் வாங்குகிற ஒவ்வொருவரும் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, சுத்தத் தேனோ என்று கேட்காமல் போனதில்லை. இல்லை, சீனிப்பாணி என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்களோ தெரியாது.

ஓட்டோ ஓடுகிற ஒருவர் மனுசிக்காகத் தேன் வாங்கினார். தலையில் தேனைப் பூசி ஊறவிட்டால் மயிர் மெல்ல நிறம் விடும் என்று மனுசி எங்கேயோ பார்த்திருக்கிறா. கெட்டிக்காரி. தன்னுடைய தலையில் பூசமுதல் புருஷனுடைய தலையில் பூசிப் பார்த்திருக்கிறா. இவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். அடுத்த நாள் ஓட்டோவைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"அண்ணை, தேன் சுத்தம்தான். எறும்பு சாட்சி."

கடல் வெளுத்த தலை

முல்லைத்தீவிலிருந்து யூட் என்று ஒரு கடற்றொழிலாளி மாதத்தில் ஒரு தரம் வருவான். ஞாயிறு பூசை முடிந்ததும் பொம்பிளை பார்க்கப் போவதாகவும், தலையைக் கறுப்பாக்க ஏதாவது தரும்படியும் கேட்டான். அவனுடைய தலை சிறுவயதிலிருந்து உப்பிலும் வெயிலிலும் கிடந்து செப்புக் கம்பி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் செம்பட்டையன் என்றுதான் கூப்பிட்டார்களாம். வாத்திமாரும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். கரிசலாங்கண்ணி எண்ணெய் எடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, இந்த நிறம் வர என்ன பூச வேண்டும் என்று என்னைக் கேட்டது. நான் படத்தைப் பார்த்தேன், யூட்டின் தலையைப் பார்த்தேன். பிள்ளையும் பார்த்தது. "அண்ணா, நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்று உண்மையாகவே கேட்டது. யூட் பகிடி என்று நினைத்து முதலில் முகம் சுருங்கிப்போனான். பகிடி இல்லை என்று தெரிந்ததும் கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலை மெல்ல மேசையில் வைத்தான். ஒருவனை அழவைத்த நிறத்தை இன்னொருவர் காசு கொடுத்து வாங்க நிற்கும்போது, விற்கிறவன் எந்தப் பக்கம் பார்ப்பது? எண்ணெயை வாங்காமலே போய்விட்டான். போகும்போது பிள்ளைக்குச் சொன்னான்:

"முல்லைத்தீவுக்கு வாங்கோ தங்கச்சி. ஒரு மாசம் எங்களோட கரைவலை இழுத்தால் கடலே வெளுத்துத் தரும்."

நூறு கிராம்

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சரோஜினி ரீச்சர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கணவர் மாஸ்டருக்கு வைத்தியர் ஒருவர் மருதம்பட்டைத் தூள் எழுதிக் கொடுத்திருந்தார். மாதாமாதம் மாஸ்டர் வந்து நூறு கிராம் வாங்கிக்கொண்டு போவார். நல்ல மனுஷன், இரண்டு கதை கதைக்காமல் போகமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருக்குப் பதிலாக ரீச்சர் வந்தார். ஒரு துண்டுக் கடிதாசியை மேசையில் வைத்தார். வடிவான கையெழுத்து. "பட்டைத் தூள் – 100 கிராம்."

என் கடையில் ஏழு மரத்தின் பட்டை இருக்கிறது. "என்ன பட்டை ரீச்சர்?" என்று கேட்டேன். "எழுதிக் கிடக்குத்தானே" என்றார். "என்னத்துக்கு?" என்று கேட்டேன். "அது உமக்கெதுக்கு?" என்றார். மூன்றாம் தரமும் கேட்டேன், "மாஸ்டருக்கு வழமையா எடுக்கிறதுதானே?" என்று. அவர் அப்போது போனில் யாருடனோ கதைக்கத் தொடங்கிவிட்டார். தலையை ஆட்டினார். அது எனக்கு ஆட்டினதா, போனுக்கு ஆட்டினதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மருதம்பட்டைத் தூள் நூறு கிராம் நிறுத்துப் பையில் போட்டு, வழக்கம்போல மேலே பெயர் எழுதினேன். மருதம்பட்டை. எழுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பிழையில்லாமல் எழுதினேன், வாசிக்கப்போவது ரீச்சர் என்பதால். பையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனுக்குச் சொன்னார்:

"ஓம், ஓம், வாங்கியாச்சு. கெதியா அலுவலைப் பார்க்கலாம்."

கடைக்கு வந்த நீதிமன்றம்

அலுவல் என்னவென்று சனிக்கிழமை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ரீச்சரின் கடைசி மகள் நிரோஜாவைப் பார்க்க வர இருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாடு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மண்ணிற மயிர் பிடிக்கும் என்று தாய்க்கு யார் சொன்னார்களோ. தேனும் பட்டைத் தூளும் குழைத்துப் பூசினால் நிறம் வரும் என்று வீடியோவில் ஓர் அம்மா சொல்லியிருக்கிறா. அந்த அம்மா சொன்ன பட்டை, கறுவா. என் பையிலிருந்தது மருதம்பட்டை. அதைத் தேனும் தேசிப்புளியும் விட்டு இரும்புத் தாச்சியில் குழைத்து, மூன்று மணித்தியாலம் தலையில் வைத்திருக்கிறார்கள். மருதம்பட்டையின் கயர்ச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும் என்று தோல் பதனிடுகிற எவனும் சொல்வான். கழுவின பிறகு பிள்ளையின் மயிர் முன்பு இருந்ததைவிட மைக்கறுப்பு. நெற்றியிலும் காதிலும் கோப்பிக் கறை.

ரீச்சர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, சந்தைக்கு வந்த சனம் பார்க்க, பையை மேசையில் எறிந்தார். "நான் கேட்டது பட்டை. நீர் தந்தது என்ன?" "மேல எழுதிக் கிடக்கு ரீச்சர்" என்றேன். பையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதினேன், முப்பத்து மூன்று வருஷம் படிப்பித்தவர் வாசிக்கவில்லை. "பட்டை எண்டால் கறுவா. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை இவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். தலையில் துவாயைச் சுற்றியிருந்த நிரோஜா மெதுவாக, "கறுவா மணம் வரேல்லை எண்டு நான் சொன்னனான் அம்மா" என்றது. "நீ பேசாமல் இரு" என்று அதட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த ஆளுக்குச் சாமான் தெரியாது. தெரியாத ஆக்கள் மருந்துக்கடை வைச்சால் ஆரும் சாகத்தான் வேணும்."

சலூன் நேசன் கொண்டுவந்த செய்தி

என் கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவன் நேசன். கிளிநொச்சியில் நடக்கிற எதுவும் அவனுடைய கதிரையில் இருந்து எழும்பாமல் போகாது. திங்கட்கிழமை காலை கடை திறக்க முதலே வந்துவிட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். நிரோஜா நெற்றிக் கறையைப் பவுடரால் மறைத்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் சாயம் பூசாத இவ்வளவு கறுத்த மயிரைத் தான் காணவே இல்லை என்று சொல்லி, அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டாவாம். எனக்குச் சந்தோஷம்தான், அந்தப் பிள்ளை பாவம். ஆனால் சனிக்கிழமை சொன்னதை ஞாயிற்றுக்கிழமை பின்னேரமாவது ரீச்சர் மாற்றிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. நேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, கலியாணம் உங்கட பட்டையாலதான் சரிவந்தது. ஆனா உங்களுக்குக் கலியாணக் காட் வராது."

மஞ்சள்

புடவைக் கடைக்காரனைப் பற்றி, விலை கூட என்று சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். மருந்துக் கடைக்காரனைப் பற்றி, சாமான் தெரியாது என்று சொன்னால் அவனிடம் விற்க ஒன்றும் இல்லை. என் கடையில் நான் விற்பது வேரும் தூளும் இல்லை, இது இன்னது என்று சொல்கிற என் வாய். அதைத்தான் ரீச்சர் எடுத்துக்கொண்டு போனார்.

வரவே மாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். வந்தார்கள். வாங்கின தூளை மூக்குக்கிட்டப் பிடித்து மணந்தார்கள். சிலர் என் கடையில் வாங்கி, சந்தைக்குள் இருக்கிற மற்றக் கடையில் காட்டிச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். நானே கண்டேன். பிள்ளைப்பேற்றுச் சரக்குக்கு என்னைத் தவிர வேறு கடை தெரியாத குடும்பங்கள் இருந்தன, அவர்கள் இப்போது பெயரை இரண்டு தரம் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லவைத்தார்கள். ஒரு நாள் என்னோடு முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த மனுஷி வந்தா. காற்கிலோ மஞ்சள் தூள் வாங்கினா. மஞ்சள், பாருங்கள். கண் தெரியாதவனுக்கும் மஞ்சள் தெரியும். பையைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றா. என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னா:

"கோவியாதேங்கோ அண்ணை, இது மஞ்சள் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அக்கா

தர்மபுரத்தில் இருக்கும் என் அக்கா மட்டும் தன் பேச்சை மாற்றவில்லை. யார் சிரித்தாலும் அவளுக்குப் பரவாயில்லை. அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் கதைப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டே கேட்டவள், "ஏன்டா, வீடியோவுல எலுமிச்சைன்னா தேசிக்காய்னு ஒனக்குப் புரிஞ்சிச்சு. பட்டைன்னா மட்டும் புரியலையா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். ரீச்சர் எனக்கு வீடியோவைக் காட்டவில்லை, கடிதாசியைத்தான் காட்டினார் என்று சொன்னேன். மாஸ்டர் மருதம்பட்டைதான் எடுப்பவர் என்று சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அக்காவுக்கு முன்னால் உண்மையில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழும்ப முடியாது. கடிதாசியில் பட்டை என்று கண்டபோது, மரங்களெல்லாம் என் நினைவுக்கு வந்தன, எங்கள் வீட்டுக் குசினி மட்டும் வரவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் வந்திருக்கும். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்தவரின் கையெழுத்தில், அந்தச் சொல் என் சொல்லாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரித்துப் பறித்த சாமானையே அவர் என்னிடம் திரும்பி வந்து கேட்டிருக்கிறார், இருப்பில் இல்லாத சாமானை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? இதையும் சொன்னேன். அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா சொன்ன சொல்லுடா அது. அந்தம்மா எழுதினா நம்ம சொல்லு இல்லன்னு ஆயிருமா?"

மருதம்பட்டை

அக்கா சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டதால் ரீச்சர் சொன்னது சரியாகிவிடாது. ஒரு வசனம் போதும் எனக்கு. "நான் வடிவாச் சொல்லேல்லை, அவரில பிழையில்லை" என்று ரீச்சர் சொல்ல வேண்டும். சனத்துக்கு முன்னால் சொன்னதைச் சனத்துக்கு முன்னால் எடுத்தால் சரி. அதற்காகச் சந்தையில் மேளம் அடிக்கச் சொல்லவில்லை.

நிரோஜா கலியாணம் முடித்துப் போய்விட்டது. காட் வரவில்லை, நேசன் சொன்னதுதான் நடந்தது. மாஸ்டருக்கு இப்போது நடக்க ஏலாது. மற்றக் கடையில் மருதம்பட்டை இல்லை. போன மாதம், கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போது, சரோஜினி ரீச்சர் படியேறி வந்தார். நான் கதிரையிலிருந்து எழும்பவில்லை. "மாஸ்டருக்கு, மருதம்பட்டைத் தூள், நூறு கிராம்" என்றார், பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. நிறுத்தேன். பேர் எழுதினேன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். கைப்பையைத் திறந்தார், மூடினார். இப்போது சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை, கையில் போனோடு எட்டிப் பார்த்து, "ஐயா, பட்டைத் தூள் இருக்கோ?" என்று கேட்டது. நான் வாய் திறக்கமுதல் ரீச்சர் திரும்பினார். கடை முழுக்கக் கேட்கிற குரலில், வகுப்பில் நின்று சொல்வதுபோல அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்:

"என்ன பட்டை எண்டு வடிவாச் சொல்லும் பிள்ளை. வெறுமனே பட்டை எண்டு கேட்டால் அவர் எதைத் தாறது? பிறகு கடைக்காரரைப் பிழை சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்காகப் புறப்பட்ட ஒரே நல்ல வசனம் விலாசம் மாறி முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததால், எனக்கு வரவேண்டியது இன்னும் வரவேண்டியதாகவே இருக்கிறது.